வீட்டில் செய்யும் ஒலிபெருக்கிப் பெட்டிக்குள் எதை அடைப்பது? மலையூர்களுக்கான விளக்கம்

காந்தலூர் (இடுக்கி): ஒலிபெருக்கிப் பெட்டியைத் தச்சரிடம் சொல்லியோ, தாமே பலகை அறுத்தோ வீட்டில் செய்துகொள்வோர், எந்த நிறுவனத்தின் ஸ்பீக்கரை வாங்குவது என்பதற்குப் பல நாள் செலவிடுகின்றனர். பெட்டிக்குள் எந்தப் பொருளை, எந்த இடத்தில், எவ்வளவு வைப்பது என்ற கேள்வி பெரும்பாலும் கடைசி நாளில்தான் எழுகிறது. அப்போது கைக்குக் கிடைத்த பஞ்சோ, பழைய மெத்தையின் நுரைத் துண்டோ, முட்டை அட்டையோ உள்ளே போகிறது.

விளைவு, நல்ல ஸ்பீக்கர் இருந்தும் பேச்சு குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கிறது. சில பெட்டிகளில் இதைவிடப் பெரிய ஆபத்தும் உண்டு. மூடிய அறையில் இழைத்தூசி பறக்கலாம். பெருக்கியின் சூட்டில் உள்ளிருக்கும் பஞ்சு தீப்பற்றலாம். ஈரம் தங்கிப் பூஞ்சை பிடிக்கலாம்.

கேரளத்தின் இடுக்கி மாவட்டம் தேவிகுளம் வட்டத்தில், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ள காந்தலூர் போன்ற ஊர்களில் இந்தக் கேள்விக்குத் தனிச் சிறப்பு உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழைமறைவுப் பகுதியில் இருந்தாலும், குளிரும் மூடுபனியும் இங்கு வழக்கமானவை. மறையூர், சின்னாறு வழியாக மலை இறங்கினால் உடுமலைப்பேட்டை. அதையடுத்துத் தென்னை நாருக்குப் பெயர்பெற்ற பொள்ளாச்சி வட்டாரம். மூணாறு, போடிமெட்டு வழியாக இறங்கினால் இலவம் பஞ்சுக்குப் பெயர்பெற்ற போடிநாயக்கனூர். ஒலியை அடக்கும் இயற்கை இழைகள் இரு திசையிலும் கிடைக்கும் ஊர் இது. ஆயினும் எந்த இழை எதற்குப் பயன்படும் என்பதை அறிந்த பிறகே அவற்றை வாங்குவது பயன் தரும்.

பெட்டிக்கு இரண்டு நோய்கள்

ஒலிபெருக்கியின் கூம்பு முன்னும் பின்னும் அசைகிறது. முன்பக்கம் எழும் ஒலி அறைக்குள் செல்கிறது. அதே அளவு ஒலி பின்பக்கமாகப் பெட்டிக்குள்ளும் செல்கிறது. பெட்டிக்குள் சென்ற ஒலிதான் எல்லாச் சிக்கலுக்கும் மூலம்.

அந்த ஒலி இரண்டு வழிகளில் கெடுதல் செய்கிறது. முதலாவது, பெட்டியின் பலகைகளை அதிரச் செய்கிறது. அதிரும் பலகை தானும் ஓர் ஒலிபெருக்கியாக மாறித் தன் சொந்த ஒலியைச் சேர்க்கிறது. இரண்டாவது, உள்ளே அடைபட்ட காற்றில் ஒலி எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே மோதித் திரும்பி, குறிப்பிட்ட சில சுருதிகளில் வலுப்பெறுகிறது. இவ்வாறு வலுப்பெற்ற ஒலி, காகிதம்போல் மெல்லிய கூம்பின் வழியே மீண்டும் அறைக்குள் கசிகிறது.

இவ்விரண்டும் வெவ்வேறு நோய்கள், மருந்தும் வெவ்வேறு. பலகையின் அதிர்வுக்குக் கனமும் பிசுபிசுப்பும் உள்ள பொருள் வேண்டும். காற்றின் அதிர்வுக்குக் காற்று உள்ளே புகுந்து செல்லக்கூடிய இழைப்பொருள் வேண்டும். பஞ்சை எவ்வளவு திணித்தாலும் அதிரும் பலகை அடங்காது. தார் ஷீட்டை எத்தனை அடுக்கு ஒட்டினாலும் உள்ளே எதிரொலிக்கும் காற்று அடங்காது. வீட்டில் செய்யும் பெட்டிகளில் நேரும் பிழைகளில் பெரும்பகுதி, இந்த இரண்டையும் ஒன்றெனக் கொள்வதால் வருவதே.

பலகையின் அதிர்வை அடக்குவது எப்படி?

பலகை விறைப்பாக இருந்தால் அதிர்வு குறையும். ஒரு பலகையின் விறைப்பு, அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தில் கூடுகிறது. 12 மி.மீ. பிளைவுட்டுக்குப் பதிலாக அதே தரத்தில் 18 மி.மீ. பிளைவுட் பயன்படுத்தினால், எடை ஒன்றரை மடங்குதான் கூடும். விறைப்பு ஏறத்தாழ 3.4 மடங்காகும்.

இதைவிடச் செலவு குறைந்த வழி குறுக்குச் சட்டம். எதிரெதிர்ப் பலகைகளை இணைத்து நடுவில் ஒரு ரீப்பர் கட்டையை ஒட்டினால், பெரிய பலகை இரண்டு சிறிய பலகைகளாகப் பிரிகிறது. அதன் அதிர்வுச் சுருதி மேலே செல்கிறது. சட்டத்தைச் சரிநடுவில் வைக்காமல் சற்றே ஒதுக்கி வைப்பது நல்லது. அப்போது இரு பகுதிகளும் ஒரே சுருதியில் அதிரமாட்டா.

ஆனால் விறைப்பு மட்டும் போதாது. விறைப்பு கூடும்போது அதிர்வு மறைந்துவிடுவதில்லை. உயர்ந்த சுருதிக்கு இடம் பெயர்கிறது. அந்த இடம் மனிதப் பேச்சின் நடுப்பகுதியில் விழுந்தால், காது அதை எளிதில் கண்டுபிடித்துவிடும். பிரிட்டனின் பிபிசி ஆராய்ச்சித் துறையைச் சேர்ந்த எச்.டி. ஹார்வுட் உள்ளிட்டோர் இந்தச் சிக்கலை விரிவாக ஆராய்ந்து, 1977-ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டனர். மெல்லிய பிளைவுட் பலகையின் உட்புறத்தில் தார் கலந்த கனமான தகடுகளைப் பொருத்துவதே அவர்கள் கடைப்பிடித்த முறை. பலகை வளையும்போது தார் அடுக்கும் சேர்ந்து வளைகிறது. அந்த அடுக்கின் உள் உராய்வில் அதிர்வு வெப்பமாக மாறிக் கரைகிறது. பிபிசியின் புகழ்பெற்ற எல்எஸ்3/5ஏ சிறிய ஒலிபெருக்கியிலும் இத்தகைய தார்த் தகடுகள் இடம்பெற்றன.

வீட்டில் செய்வோர் இதிலிருந்து கொள்ளவேண்டிய பாடம் ஒன்று உண்டு. தணிப்பு அடுக்கின் கனம், பலகையின் கனத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். 9 மி.மீ. பலகையில் நன்கு வேலை செய்யும் அதே தார் ஷீட், 25 மி.மீ. பலகையில் ஏறத்தாழ வீணாகும். கட்டடங்களின் மேல்தளத்தில் நீர்க்கசிவைத் தடுக்கப் பயன்படும் தார் ஷீட், கார் கதவுகளுக்குள் ஒட்டப்படும் பியூட்டைல் ரப்பர் ஷீட் ஆகிய இரண்டும் இதற்குப் பொருந்துவன. ஒவ்வொரு பலகையின் நடுப்பகுதியிலும் பாதிப் பரப்புக்காவது இவற்றை ஒட்ட வேண்டும். ஓரங்களில் பலகை அதிகம் அசைவதில்லை என்பதால் அங்கு ஒட்டுவதில் பயன் குறைவு.

மற்றொரு முறை, இரண்டு மெல்லிய பலகைகளுக்கு நடுவே நெகிழ்வுத்தன்மை கொண்ட பசையைப் பரப்பி ஒன்றாக்குவது. உலர்ந்தபின் கல்போல் இறுகும் மரப்பசை இதற்குப் பயன்படாது. உலர்ந்த பின்னும் ரப்பர்போல் இருக்கும் பசையே அதிர்வை விழுங்கும்.

மரத் தேர்விலும் மலையூர்க்காரர்கள் கவனம் கொள்ள வேண்டும். எம்டிஎஃப் பலகை அறுக்க எளிது. பரப்பு சமமாக இருக்கும். ஆனால் அறுத்த ஓரத்தில் ஈரம் பட்டால் ஊதிவிடும். பனி இறங்கும் இடங்களில் நீர் தாங்கும் தரத்திலான பிளைவுட் பாதுகாப்பானது. எம்டிஎஃப் பயன்படுத்தினால், அறுத்த ஓரங்களை உள்ளும் புறமும் வார்னிஷ் அல்லது பெயின்ட் பூசி மூட வேண்டும்.

உள்ளே நிற்கும் ஒலி

இனி இரண்டாவது நோய். உட்புறம் 40 செ.மீ. உயரம், 30 செ.மீ. அகலம், 25 செ.மீ. ஆழம் கொண்ட ஒரு பெட்டியை எடுத்துக்கொள்வோம். அதன் உள்ளளவு 30 லிட்டர். குளிர்ந்த மலைக்காற்றில், 15 டிகிரி செல்சியஸ் வெப்பநிலையில், ஒலி நொடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே அரை அலை பொருந்தும் சுருதியில் ஒலி நிலைகொள்கிறது. இந்தப் பெட்டியில் அந்தச் சுருதிகள் உயரத்தில் 425 ஹெர்ட்ஸ், அகலத்தில் சுமார் 567 ஹெர்ட்ஸ், ஆழத்தில் 680 ஹெர்ட்ஸ். மூன்றும் மனிதக் குரலின் உடல்பகுதி ஒலிக்கும் எல்லைக்குள் வருகின்றன. செய்தி வாசிப்பவரின் குரல் குடத்துக்குள் ஒலிப்பதுபோல் கேட்பதற்குக் காரணம் இதுவே.

பெட்டியின் மூன்று அளவுகளும் ஒன்றாக இருந்தால், அதாவது பெட்டி கனசதுரமாக இருந்தால், மூன்று சுருதிகளும் ஒரே இடத்தில் குவியும். அது மிக மோசமான வடிவம். ஓர் அளவு மற்றொன்றின் சரி இருமடங்காக இருப்பதும் நல்லதன்று.

இந்த நிலை அலையை இழைப்பொருள் எப்படிக் கரைக்கிறது? காற்று நுண்ணிய இழைகளுக்கிடையே முன்னும் பின்னும் அசையும்போது உராய்கிறது. அந்த உராய்வில் ஒலியின் ஆற்றல் வெப்பமாகிறது. இதிலிருந்து ஒரு முக்கிய முடிவு பிறக்கிறது: காற்று அதிகம் அசையும் இடத்தில் வைத்தால்தான் இழைக்கு வேலை உண்டு.

சுவரை ஒட்டியுள்ள காற்று அசைய முடியாது. அங்கு அழுத்தம் மட்டுமே மாறுகிறது. மேற்சொன்ன அரை அலையில் காற்று அதிகம் அசையும் இடம் இரு சுவர்களுக்கும் நடுவே உள்ளது. ஆகவே, சுவரில் ஒட்டிய 1 செ.மீ. கம்பளம் 425 ஹெர்ட்ஸ் அலையை ஏறத்தாழத் தொடுவதில்லை. அதே பொருளைச் சுருட்டிப் பெட்டியின் நடுவில் தொங்கவிட்டால் பலன் பன்மடங்கு கூடும். சுவரில்தான் ஒட்ட வேண்டும் என்றால், குறைந்தது 5 செ.மீ. தடிமன் இருப்பது நல்லது.

பஞ்சு பெட்டியைப் பெரிதாக்குமா?

மூடிய பெட்டிகளில் இழைப்பொருளுக்கு இன்னொரு பணியும் உண்டு. அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம் கேம்பிரிட்ஜ் நகரில் எட்கர் வில்ச்சர், ஹென்றி கிளாஸ் ஆகியோர் தொடங்கிய அக்கூஸ்டிக் ரிசர்ச் நிறுவனம், 1954-இல் ஏஆர்-1 என்ற ஒலிபெருக்கியை அறிமுகப்படுத்தியது. அதுவரை ஆழ்ந்த ஒலிக்கு அலமாரி அளவுப் பெட்டி வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. வில்ச்சர், சிறிய மூடிய பெட்டிக்குள் அடைபட்ட காற்றையே சுருள்வில்லாகப் பயன்படுத்தினார். பெட்டிக்குள் கண்ணாடி இழை அடைக்கப்பட்டது.

காற்றை விரைவாக அழுத்தினால் அது சூடாகிறது. சூடான காற்று மேலும் அழுத்தத்தை எதிர்க்கிறது. உள்ளே இழை இருந்தால், அந்தச் சூட்டை இழை வாங்கிக்கொண்டு, காற்று விரியும்போது திருப்பித் தருகிறது. இதனால் காற்றுவில் மென்மையாகிறது; பெட்டி உண்மை அளவைவிடப் பெரியதுபோல் நடந்துகொள்கிறது. கோட்பாட்டளவில் இதன் உச்சவரம்பு 40 விழுக்காடு. நடைமுறையில் அதில் பாதியளவு கிடைத்தாலே நல்ல பலன். அளவுக்கு மீறித் திணித்தால் இழையே இடத்தை அடைத்துக்கொள்ளும். பலன் பின்னோக்கிச் செல்லும்.

காந்தலூரில் இதனுடன் இயற்கையும் சேர்ந்துகொள்கிறது. 1,500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைவு. காற்றுவில்லின் விறைப்பு காற்றழுத்தத்தைப் பொறுத்தது என்பதால், கொச்சியில் செய்த அதே மூடிய பெட்டி காந்தலூரில் சுமார் 20 விழுக்காடு பெரிய பெட்டியைப்போல் செயல்படும். எனவே, சமவெளிக்காகக் கணக்கிட்ட மூடிய பெட்டியில் ஆழ்ந்த ஒலியைக் கூட்டும் நோக்கத்துடன் இங்கு பஞ்சை இறுக அடைக்கத் தேவையில்லை. எதிரொலியை அடக்கும் அளவுக்கு வைத்தால் போதும். குழல் பொருத்திய பெட்டியில் குழலின் சுருதி காற்றழுத்தத்தால் மாறுவதில்லை. ஒலியின் வேகம் வெப்பநிலையைச் சார்ந்ததே தவிர, உயரத்தை நேரடியாகச் சார்ந்ததன்று.

எந்த இழை நல்லது?

இழை எவ்வளவு நுண்ணியதோ, அவ்வளவு பரப்பு காற்றுக்குக் கிடைக்கும்; உராய்வும் அவ்வளவு கூடும். தேர்வின் அடிப்படை இதுதான். கண்ணாடி இழைப் பஞ்சின் இழைகள் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்கும் குறைவான பருமன் கொண்டவை. தேங்காய் நாரின் இழைகள் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு முதல் பத்தில் நான்கு பங்கு வரை பருமன் கொண்டவை. ஒலியுறிஞ்சலில் இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்த அளவே விளக்கிவிடுகிறது.

கண்ணாடி இழைப் பஞ்சு: குறைந்த தடிமனில் அதிகப் பலன் தருவது, எரியாதது, பூச்சி அரிக்காதது. குறை, அதன் தூசி. தோல், கண், தொண்டை ஆகியவற்றில் அரிப்பை உண்டாக்கும். உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, 2001-இல் நடத்திய மறுஆய்வுக்குப் பின், கட்டடங்களில் பயன்படும் சாதாரணக் கண்ணாடி இழைப் பஞ்சை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவதாக வகைப்படுத்த இயலாத பொருள்களின் பட்டியலில் வைத்தது. ஆயினும் கையுறை, முகக்கவசம் இன்றி அதைக் கையாளக் கூடாது. குழல் உள்ள பெட்டியில் இதைத் திறந்தபடி வைத்தால், குழல் வழியே வெளியேறும் காற்று இழைத்துகளை அறைக்குள் தள்ளும். குளிருக்காகக் கதவு சன்னல்களைச் சாத்தி வைக்கும் வீடுகளில் இது கவனிக்கப்பட வேண்டிய செய்தி. மெல்லிய பருத்தித் துணியில் முற்றிலும் தைத்து மூடிய பின்னரே பயன்படுத்த வேண்டும். பழைய கட்டடங்களில் எடுத்த ஆஸ்பெஸ்டாஸ் இழை முற்றிலும் வேறான, நச்சுத்தன்மை உள்ள பொருள். அதைத் தொடவே கூடாது.

பாலியஸ்டர் பஞ்சு: தலையணைகளில் அடைக்கப்படும் செயற்கைப் பஞ்சு இது. கண்ணாடி இழையைவிட உறிஞ்சும் திறன் குறைவு. ஆனால் தூசியில்லை, பூச்சி இல்லை. சாதாரண ஈரப்பதத்தில் தன் எடையில் அரை விழுக்காட்டுக்கும் குறைவான நீரையே ஏற்கும். பனி இறங்கும் ஊர்களில் முதன்முறையாகப் பெட்டி செய்வோருக்கு மிகக் குறைந்த தொல்லை தரும் பொருள் இதுவே.

ஆட்டு உரோமம்: பிரிட்டனின் ஆர்தர் பெய்லி, நீண்ட இழை கொண்ட ஆட்டு உரோமத்தை அடைத்து நீள்குழல் வடிவப் பெட்டி ஒன்றை அமைத்து, 1965-இல் வயர்லெஸ் வேர்ல்டு இதழில் விளக்கினார். அன்று முதல் வீட்டில் பெட்டி செய்வோரிடையே உரோமத்துக்குத் தனி மதிப்பு உண்டு. காந்தலூருக்கு நேர்கிழக்கே, கொடைக்கானல் மலையிலுள்ள மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறியாடு, உரோம ஆராய்ச்சி மையம் இயங்குகிறது. நுண்ணிய உரோமம் தரும் ஆடுகள் அங்கு வளர்க்கப்படுகின்றன. உரோமம் எளிதில் தீப்பற்றாது என்பது அதன் பெருஞ்சிறப்பு. ஆனால் தன் எடையில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை வெளியில் தெரியாமல் உள்வாங்கும். அந்துப்பூச்சி அரிக்கும். நன்கு கழுவி எண்ணெய்ப்பசை நீக்கி, பூச்சி மருந்து ஏற்றிய உரோமத்தையே பயன்படுத்த வேண்டும்.

இலவம் பஞ்சு: இலவம் இழை உள்ளீடற்ற குழல் போன்றது, அதன் கன அளவில் பெரும்பகுதி காற்றே. இழையின்மேல் இயற்கையான மெழுகுப் படலம் உள்ளதால் நீர் ஒட்டாது. முன்பு உயிர்காப்பு மேலாடைகளில் அடைக்கப்பட்டதும் இதனால்தான். நுண்ணிய இழை என்பதால் ஒலியை நன்கு உறிஞ்சும். விலை குறைந்தது, தேனி மாவட்டத்தில் எளிதில் கிடைப்பது. குறைகள் மூன்று. நாளடைவில் நசுங்கிக் கீழே படியும். இழை குட்டையானது என்பதால் பறக்கும். மிக எளிதில் தீப்பற்றும். சிறு சிறு துணிப் பைகளில் தைத்து, பல இடங்களில் கட்டித் தொங்கவிட்டால் முதல் இரண்டு குறைகளும் நீங்கும். மூன்றாவது குறை நீங்காது.

பருத்திக் கழிவுப் பஞ்சு: கோவை, திருப்பூர் ஆலைகளின் கழிவுப் பஞ்சு மலிவானது, உறிஞ்சும் திறனும் நன்று. ஆனால் சாதாரண ஈரப்பதத்திலேயே தன் எடையில் சுமார் 8 விழுக்காடு நீரை வைத்திருக்கும். மூடுபனி உள்ள ஊரில் பூஞ்சை பிடிக்க வாய்ப்பு அதிகம். தீயும் எளிதில் பற்றும்.

தேங்காய் நார்: இது மட்கும் வேகம் மிகக் குறைவு, அதிலுள்ள லிக்னின் என்ற பொருளே காரணம். மலேசியத் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008 வாக்கில் தொடங்கி இதன் ஒலியுறிஞ்சும் தன்மையைச் சோதித்து வெளியிட்டுள்ளனர். மெல்லிய நார்த் தகடு தாழ்ந்த சுருதிகளில் பயன் தருவதில்லை என்பதும், தகட்டுக்குப் பின்னே காற்றிடைவெளி விட்டால் பயன் கூடும் என்பதும் அவற்றிலிருந்து தெரிகின்றன. மெத்தைகளுக்காக ரப்பர் பால் தெளித்துச் செய்யப்படும் நார்த் தகடு பெட்டிக்கு ஏற்றது. அதைச் சுவரில் ஒட்டாமல், 2 செ.மீ. இடைவெளி விட்டுக் கட்டைகளின்மேல் பொருத்தலாம். அதன் முன்புறத்தில் மெல்லிய பாலியஸ்டர் பஞ்சு அடுக்கு ஒன்றைச் சேர்த்தால், பருமனான இழையின் குறை பெருமளவு நிறைவு பெறும். தூளான நார்க்கழிவு ஈரத்தை உறிஞ்சுவதற்கென்றே பயன்படுவது. அதைப் பெட்டிக்குள் வைக்கக் கூடாது.

பயன் தராத பொருள்கள்

முட்டை அட்டை ஒலியை உறிஞ்சும் என்ற நம்பிக்கை பரவலாக உள்ளது. மெல்லிய காகிதக்கூழ் அட்டையில் காற்று புகுந்து உராய இடமில்லை. அதன் மேடுபள்ளம் உயர்ந்த சுருதிகளைச் சற்றே சிதறடிக்கும். பெட்டிக்குள் தொல்லை தரும் 400 முதல் 700 ஹெர்ட்ஸ் பகுதியில் அதற்குப் பயன் ஏதுமில்லை. அது விரைவில் தீப்பற்றும் பொருளும் ஆகும்.

தெர்மாகோல் வெப்பத்தைத் தடுக்கும், ஒலியை உறிஞ்சாது. அதன் நுண்ணறைகள் மூடியவை. காற்று ஊடுருவ முடியாது. நுரை மெத்தையிலும் இதே சோதனை பொருந்தும். ஒரு துண்டை வாயில் வைத்து ஊதினால் மறுபுறம் காற்று வர வேண்டும். ஓரளவு தடையுடன் வந்தால் அது பயன்படும், வராவிட்டால் பயனில்லை, தடையே இன்றி வந்தாலும் பயன் குறைவு. கண்ணாடி இழை தவிர மற்ற எந்தப் பொருளுக்கும் இந்தச் சோதனையைச் செய்து பார்க்கலாம். பாலியூரித்தேன் நுரை எரியும்போது நச்சுப்புகை வெளிவரும் என்பதையும் மறக்கலாகாது.

எவ்வளவு, எங்கே?

மூடிய பெட்டிக்கு, பாலியஸ்டர் பஞ்சோ ஆட்டு உரோமமோ ஆனால், ஒரு லிட்டர் உள்ளளவுக்கு 8 முதல் 16 கிராம் வரை என்பது நல்ல தொடக்கம். மேலே கண்ட 30 லிட்டர் பெட்டிக்கு 240 முதல் 480 கிராம் வரை. நன்கு பிரித்து உதறி, பெட்டி முழுவதும் சீராகப் பரப்ப வேண்டும். மலையூரில் குறைந்த அளவிலிருந்து தொடங்குவது பொருத்தம்.

குழல் பொருத்திய பெட்டிக்கு இந்த முறை பொருந்தாது. குழலுக்கும் கூம்புக்கும் இடையே காற்று தடையின்றி ஓட வேண்டும். பின்சுவர், மேற்சுவர், ஒரு பக்கச் சுவர் ஆகியவற்றில் மட்டும் 3 முதல் 5 செ.மீ. தடிமனில் இழை அடுக்கு வைத்து, குழலின் உள்வாயைச் சுற்றி ஒரு சாண் அளவுக்கு எதையும் வைக்காமல் விட வேண்டும். குழல் பெட்டியை முழுதும் அடைத்தால் ஆழ்ந்த ஒலி செத்துவிடும்.

இரு வகைகளிலும் கூம்பின் பின்பக்கத்தில் பஞ்சு உரசாதபடி, ஒரு கண்ணித்துணி அல்லது கொசுவலைத் துண்டால் தடுப்பு அமைப்பது நல்லது.

தீயும் ஈரமும்

பெருக்கி, டிரான்ஸ்ஃபார்மர் ஆகியவற்றை ஒலிபெருக்கிப் பெட்டிக்குள்ளேயே பொருத்துவது வீட்டுத் தயாரிப்புகளில் வழக்கம். அவ்வாறு செய்தால் அவற்றுக்குத் தனி அறை ஒதுக்கி, பலகையால் முழுதும் பிரித்து, காற்றோட்டத் துளைகளை வெளிப்பக்கம் அமைக்க வேண்டும். இழைப்பொருள் உள்ள அறைக்குள் சூடாகும் பாகம் எதுவும் இருக்கக் கூடாது. ஒலிப்பகுப்புச் சுற்றிலுள்ள பெரிய மின்தடைகளும் சூடாகும் என்பதால், அவற்றைச் சுற்றிலும் பஞ்சு படாமல் இடம் விட வேண்டும். இந்தப் பிரிவு இல்லாத பெட்டியில் இலவம், பருத்தி, நுரை ஆகிய மூன்றையும் தவிர்த்து, கண்ணாடி இழையையோ ஆட்டு உரோமத்தையோ பயன்படுத்துவதே பாதுகாப்பு.

ஈரத்தைப் பொறுத்தவரை, இயற்கை இழைகளை வெயிலில் நன்கு உலர்த்தி, உலர்ந்த நாளில் அடைத்து மூடுவது அடிப்படை விதி. பெட்டியைக் குளிர்ந்த வெளிச்சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு கையகலம் தள்ளி வைத்தால், பின்பலகையில் ஈரம் படிவது குறையும். பின்பலகையை ஆணியடித்து மூடாமல் திருகு வைத்துப் பொருத்தினால், ஆண்டுக்கொருமுறை திறந்து பார்க்க முடியும். பூஞ்சை நாற்றம் வந்தால் பஞ்சை உடனே மாற்ற வேண்டும்.

காதே இறுதிச் சோதனை

செலவின்றிச் செய்யக்கூடிய சோதனைகள் இரண்டு உள்ளன. பெட்டியின் ஒவ்வொரு பலகையையும் விரல்முட்டியால் தட்டிப் பார்க்கலாம். நீண்டு ஒலித்தால் தார் ஷீட்டோ குறுக்குச் சட்டமோ தேவை. மரக்கட்டையைத் தட்டியதுபோல் சட்டென அடங்கினால் பலகை நலமாக உள்ளது.

காற்றின் எதிரொலிக்கு, இரண்டு பெட்டிகளில் ஒன்றில் மட்டும் பஞ்சு வைத்து, வானொலிச் செய்தி போன்ற ஆண்குரல் பேச்சை மாற்றி மாற்றிக் கேட்கலாம். வேறுபாடு உடனே புலப்படும். பிறகு 50 கிராம், 50 கிராமாகக் கூட்டிச் சென்று, குரலில் குடத்தொனி நீங்கும் இடத்தில் நிறுத்த வேண்டும். அதற்குமேல் சேர்த்தால் ஒலி சோர்ந்து, உயிரற்றுக் கேட்கத் தொடங்கும்.

சுருங்கச் சொன்னால், பலகைக்குக் கனமான தார் அடுக்கும் குறுக்குச் சட்டமும், காற்றுக்கு நடுவிடத்தில் நுண்ணிய இழையும் வேண்டும். பனி இறங்கும் காந்தலூர் போன்ற ஊர்களில், முதல் பெட்டிக்குப் பாலியஸ்டர் பஞ்சு எளிய தேர்வு. பெருக்கி தனியாக இருக்கும் பெட்டியானால், துணிப்பையில் தைத்த போடி இலவம் பஞ்சும், பாலியஸ்டர் முகப்பிட்ட பொள்ளாச்சித் தேங்காய்நார்த் தகடும் அதற்கு ஈடாக நிற்கும். வெளிநாட்டுப் பெயர் தாங்கிய விலையுயர்ந்த ஒலியுறிஞ்சித் தகடுகளை வாங்குமுன், மலையடிவாரச் சந்தையில் கிடைக்கும் இந்த இழைகளை ஒருமுறை சோதித்துப் பார்ப்பது பணத்தையும் மிச்சப்படுத்தும்.